கம்ப்யூட்டர் சொன்ன பொய்! ஜெயிலுக்குப் போன அப்பாவிகள்!

இங்கிலாந்து நாட்டில் ஊருக்கு ஊர் சின்னத் தபால் ஆபீஸ்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு கடையின் ஓரத்தில் அவை இருக்கும். கடைக்காரரே தபால் ஆபீசையும் பார்த்துக் கொள்வார். தபால் தலை விற்பார். வயதானவர்களுக்குப் பென்ஷன் பணம் கொடுப்பார். ஊரில் அவருக்கு நல்ல மரியாதை உண்டு.

1999-ம் ஆண்டில் இந்த ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை பேப்பரில் எழுதிய கணக்கு கம்ப்யூட்டருக்குப் போயிற்று. அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு "ஹொரைசன்" என்று பெயர்.

பிறகு நடந்ததுதான் விபரீதம்!

கணக்கு முடித்துப் பார்த்தால் பெட்டியில் இருக்கும் பணம் ஒன்று, கம்ப்யூட்டர் காட்டும் தொகை வேறு. ஓர் ஆபீசில் சில நூறு பவுண்டு குறைகிறது. இன்னோர் ஆபீசில் பல ஆயிரம் பவுண்டு குறைகிறது. பணம் எங்கே போயிற்று? பல இடங்களில் பணம் எங்கும் போகவில்லை. கணக்குத்தான் தவறு!

ஆனால் தபால் ஆபீஸ் நிர்வாகம் அதை ஏற்கவில்லை. கம்ப்யூட்டரை நம்பியது, மனிதரை நம்பவில்லை. "குறைந்த பணத்தைக் கட்டு" என்றது. பலர் சேமிப்பை எடுத்துக் கட்டினார்கள். சிலர் வீட்டை இழந்தார்கள். அப்படியும் விடவில்லை. திருடினாய், பொய்க் கணக்கு எழுதினாய் என்று வழக்குப் போட்டார்கள்.

1999 முதல் 2015 வரை 900-க்கும் அதிகமான பேர் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களில் ஒரு பெண் கர்ப்பிணி!

2019-ம் ஆண்டு டிசம்பரில்தான் லண்டன் ஐகோர்ட்டு உண்மையைச் சொன்னது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவற்றால் கணக்குத் தவறியது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 2021-ல் அப்பீல் கோர்ட்டு ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்துச் செய்தது. 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டமே போட்டு மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கியது. 2025-ல் விசாரணைக் கமிஷன் ஓர் அறிக்கை வெளியிட்டது. 13 பேராவது இந்த வேதனையில் உயிரை மாய்த்துக் கொண்டிருக்கலாம் என்று அதில் கூறியிருக்கிறது.

போன உயிருக்குச் சட்டம் என்ன செய்ய முடியும்?

"கம்ப்யூட்டர் கோளாறு" என்றால் போதுமா?

நாமும் இந்தச் சொல்லைத் தினம் கேட்கிறோம். ரேஷன் கடையில் "சர்வர் வேலை செய்யவில்லை" என்கிறார்கள். பாங்கியில் "சிஸ்டம் கோளாறு" என்கிறார்கள். நாமும் திரும்பி வந்து விடுகிறோம்.

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறோம். "காய்ச்சல்தான், போய் வா" என்று அவர் சொன்னால் ஒப்புக் கொள்வோமா? மலேரியாவா, டைபாய்டா, சாதாரண ஜுரமா என்று அவர் பார்க்க வேண்டும். எப்போது வந்தது, விட்டு விட்டு வருகிறதா என்று கேட்க வேண்டும். பிறகுதான் மருந்து.

கம்ப்யூட்டர் கோளாறும் அப்படித்தான். அதிலும் பல வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் பலிக்காது.

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்வதில்லை. மனிதன் உத்தரவுகளை எழுதிக் கொடுக்கிறான். அந்த உத்தரவுப் பட்டியலுக்குத்தான் சாப்ட்வேர் என்று பெயர்.

அது தவறும்போது எப்படி வகை பிரிப்பது? 2004-ம் ஆண்டில் நான்கு கம்ப்யூட்டர் நிபுணர்கள் சேர்ந்து ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். கெடுதல் மூன்று படியாக வருகிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

ஒரு மண்குடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் மயிரிழை போல ஒரு விரிசல். கண்ணுக்குத் தெரியாது. இது பிழை. தண்ணீர் ஊற்றியதும் மெல்லக் கசிகிறது. இது கோளாறு. சாப்பாட்டு நேரத்தில் குடத்தைச் சாய்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இது விபத்து.

நமக்குத் தெரிவது கடைசிப் படி மட்டுமே. முதல் படியைத் தேடுகிறவர்தான் நல்ல நிபுணர். அவர் இரண்டு கேள்வி கேட்பார். பிழை எங்கே பிறந்தது? அது எப்படி நடந்து கொண்டது?

பிழை எங்கே பிறந்தது?

திட்டம் போடும்போதே பிழை பிறக்கலாம். இதற்கு ஏரியன் ராக்கெட் சாட்சி.

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த ராக்கெட் அது. உள்ளே நான்கு செயற்கைக் கோள்கள். சுமார் 40 விநாடிதான் பறந்தது. திசை மாறியது, வானத்திலேயே வெடித்துச் சிதறியது!

காரணம் என்ன? பழைய ஏரியன்-4 ராக்கெட்டில் இருந்த சாப்ட்வேரை அப்படியே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்திருந்தார்கள். பழைய ராக்கெட்டில் அது ஒழுங்காக வேலை செய்தது. புதிய ராக்கெட்டோ அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகரும். அந்த வேகத்தைக் காட்டும் எண்ணைக் குறிக்க 32,767 வரைதான் இடம் விட்டிருந்தார்கள். எண் அதைத் தாண்டியது. கம்ப்யூட்டர் திகைத்து நின்று விட்டது.

அவசரத்துக்கு இன்னொரு கம்ப்யூட்டரும் இருந்தது. ஆனால் அதிலும் அதே சாப்ட்வேர்! அதுவும் அதே காரணத்தால் நின்றது. ஒரே சாவியில் திறக்கும் இரண்டு பூட்டுப் போட்டால் திருடனுக்கு என்ன கஷ்டம்? அது போலத்தான் இதுவும்.

அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துமா என்று ஒரு தடவை போட்டுப் பார்க்காததே இங்கே குற்றம்.

உத்தரவை எழுதும்போதும் பிழை பிறக்கலாம். 1991-ம் ஆண்டு வளைகுடாப் போரில் இது நடந்தது.

பகைவரின் ஏவுகணையை வானத்திலேயே அடித்து வீழ்த்த அமெரிக்கர்கள் "பேட்ரியட்" என்ற ஆயுதத்தை வைத்திருந்தார்கள். அதன் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. கம்ப்யூட்டரின் எண் முறையில் பத்தில் ஒன்றை முழுதாக எழுத முடியாது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதினால் கொஞ்சம் விட்டுப் போகும் அல்லவா? அது போலத்தான். ஒவ்வொரு தடவையும் துளி விட்டுப் போயிற்று.

நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியபோது அந்தத் துளி, விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. இவ்வளவுதானா என்று நினைக்கிறீர்களா? அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோ மீட்டருக்கு மேல் பறந்து விடும்! பேட்ரியட் தவறான இடத்தில் தேடியது. ஒன்றும் இல்லை என்று சும்மா இருந்தது. பிப்ரவரி 25-ந் தேதி சவூதி அரேபியாவில் தஹ்ரான் நகரில் ஏவுகணை விழுந்தது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள்.

நேரம் தவறுவதை இரண்டு வாரம் முன்பே இஸ்ரேல் நாட்டவர் கண்டு சொல்லியிருந்தார்கள். திருத்திய சாப்ட்வேர் தஹ்ரானுக்கு எப்போது வந்தது தெரியுமா? மறுநாள்! அதுவரை பொறுத்திருக்கவும் ஒரு சுலபமான வழி இருந்தது. இயந்திரத்தை ஒரு தடவை நிறுத்தி மறுபடி ஓட்டியிருந்தால் போதும். கடிகாரம் சரியாகியிருக்கும்.

திட்டம் சரி, எழுதியதும் சரி. ஆனாலும் பொருத்தும்போது பிழை வரலாம். 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி அமெரிக்காவில் இது நடந்தது.

நைட் கேப்பிட்டல் என்பது பங்குகளை வாங்கி விற்கும் கம்பெனி. எட்டுக் கம்ப்யூட்டர்களில் புதிய சாப்ட்வேரைப் பொருத்த வேண்டும். ஏழில் பொருத்தினார்கள். ஒன்றை விட்டு விட்டார்கள். எட்டாவதில் பல வருஷமாகத் தூங்கிக் கிடந்த பழைய உத்தரவு ஒன்று விழித்துக் கொண்டது. கண்டபடி வாங்கியது, கண்டபடி விற்றது. 45 நிமிஷத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! மார்க்கெட் திறப்பதற்கு முன்பே அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாடு 97 எச்சரிக்கைக் கடிதங்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஜிம் கிரே என்ற அமெரிக்க நிபுணர் 1985-ல் ஒரு கணக்கு எடுத்தார். அவருடைய கம்பெனி விற்ற கம்ப்யூட்டர்கள் ஏன் நின்று போகின்றன என்று பார்த்தார். நூற்றுக்கு 18 தடவைதான் இயந்திர உறுப்புக் கெட்டது காரணம். 25 தடவை சாப்ட்வேர் காரணம். 42 தடவை, நடத்தியவர்களும் பராமரித்தவர்களும் செய்த தவறு காரணம்! "மிஷின் கெட்டு விட்டது" என்று நாம் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பாருங்கள்.

எப்படி நடந்து கொண்டது?

இனி இரண்டாவது கேள்வி.

சில சாப்ட்வேர் தவறினால் அப்படியே நின்று போகும். 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்பது கம்ப்யூட்டர்களுக்குக் காவல் காக்கும் கம்பெனி. அது அனுப்பிய ஒரு சிறு திருத்தத்தில் பிழை. 20 விவரம் மட்டுமே இருந்த இடத்தில் 21-வது விவரத்தைத் தேடியது சாப்ட்வேர். உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. விமானங்கள் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிகள் திணறின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

பெரிய சங்கடம்தான். ஆனால் அதிலும் ஒரு நன்மை உண்டு. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. யாரும் பயணியைப் பார்த்து "நீதான் திருடன்" என்று சொல்லவில்லை.

இரண்டாவது வகை நேரம் தவறுவது. பேட்ரியட் இந்த வகை.

மூன்றாவது வகை விட்டு விட்டு வருவது. இது டாக்டருக்கே டிமிக்கி கொடுக்கும் நோய்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரம். கனடாவில் செய்தது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு இது அளவு மீறிக் கதிரைப் பாய்ச்சியது. சிலருக்கு வேண்டியதைப் போல நூறு மடங்கு! உயிர்ச் சேதமும் ஏற்பட்டது.

கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இயந்திரம் ஒழுங்காக ஓடியது. அவர்களால் கோளாறை மறுபடி வரவழைக்க முடியவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர் ஆஸ்பத்திரியில்தான் மர்மம் உடைந்தது. அங்கே இயந்திரத்தை இயக்கிய பெண் கை தேர்ந்தவர். மிக வேகமாகத் தட்டுவார். ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி விட்டுச் சட்டென்று திருத்தினார். அந்தத் திருத்தம் எட்டு விநாடிக்குள் முடிந்தால் இயந்திரத்தின் ஒரு பகுதி அதைக் கவனிக்காது. திரையில் ஒரு கணக்கு. உள்ளே வேறு கணக்கு! "மால்பங்ஷன் 54" என்று மட்டும் திரை காட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குகிறவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஆஸ்பத்திரியின் விஞ்ஞானி விடவில்லை. அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து திரும்பத் திரும்ப முயன்றார். வேகமாகத் தட்டினால் கோளாறு வந்தது. மெதுவாகத் தட்டினால் வரவில்லை. வேலையில் கெட்டிக்காரராக இருந்ததால்தான் கோளாறு வெளிப்பட்டது!

முந்திய மாடல்களில் அளவு மீறினால் தடுக்க இரும்புப் பூட்டு போன்ற தனித் தடை இருந்தது. சாப்ட்வேர் பார்த்துக் கொள்ளும் என்று புதிய மாடலில் அதை எடுத்து விட்டார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது

நான்காவது வகைதான் எல்லாவற்றிலும் கொடியது. இயந்திரம் நிற்காது. எச்சரிக்காது. அமைதியாகப் பொய் சொல்லும். ஹொரைசன் இந்த வகை.

ஸ்காட்லாந்தில் டல்மெலிங்டன் என்ற ஊரில் 2015-ல் நடந்ததைப் பாருங்கள். தபால் ஆபீசுக்கு வந்த பணத்தை வரவு வைக்கப் பொத்தானை அழுத்தினால் திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினால் அப்போதும் அசையவில்லை. யாராக இருந்தாலும் இன்னொரு தடவை அழுத்தத்தானே செய்வார்கள்? திரை சும்மா நின்றதே தவிர, உள்ளே ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு வரவு ஏறிக் கொண்டிருந்தது! வராத பணம் வந்ததாகக் கணக்கு. வித்தியாசம் 24,000 பவுண்டு!

இப்படிப்பட்ட பொய்யை யார் கண்டுபிடிப்பது? சின்னத் தபால் ஆபீஸ்காரரிடம் கம்ப்யூட்டரின் உள் விவரம் எதுவும் கிடையாது. விவரம் எல்லாம் நிர்வாகத்திடமும் கம்ப்யூட்டர் கம்பெனியிடமும் இருந்தது. கணக்குச் சரியா என்று கேட்டால், "கம்ப்யூட்டர் சரி என்கிறது" என்றார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி!

சட்டமும் அவர்களுக்கு உதவவில்லை. 1984-ம் ஆண்டுச் சட்டப்படி, கம்ப்யூட்டர் கணக்கைக் கிரிமினல் வழக்கில் சாட்சியமாகக் காட்டுகிறவர்கள் அது ஒழுங்காக ஓடியது என்று நிரூபிக்க வேண்டும். 1999-ல் போட்ட சட்டம் அந்த விதியை நீக்கி விட்டது. கம்ப்யூட்டர் சரி என்றே கோர்ட்டு எடுத்துக் கொள்ளும். தப்பு என்கிறவர்தான் காட்ட வேண்டும் என்று நிலைமை தலைகீழாகி விட்டது.

இன்னொரு செய்தியைக் கேட்டால் மனம் கொதிக்கும். ஹொரைசனைச் செய்த கம்பெனியிடம் "தெரிந்த பிழைகள்" என்று ஒரு பட்டியலே இருந்தது! எந்தப் பிழை, எப்படி வரும் என்று ஊழியர்கள் குறித்து வைத்திருந்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களின் கைக்கு அந்தப் பட்டியல் வரவில்லை. "உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, வேறு யாருக்கும் இல்லை" என்றே பலரிடம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன்னையே சந்தேகித்துத் தனியாக அழுதார்கள்.

நோயின் பெயரை எழுதி அலமாரியில் பூட்டி வைத்தால் நோயாளிக்கு என்ன லாபம்?

ஒளிக்காதவர் பிழைத்தார்

ஏரியன் ராக்கெட்டை நடத்தியவர்கள் வேறு விதமாக நடந்து கொண்டார்கள். ராக்கெட் வெடித்ததும் கணித மேதை ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஒன்றரை மாதத்தில் அறிக்கை வந்து விட்டது. எந்த எண், எந்தச் சாப்ட்வேர், யார் எதைச் சோதிக்கவில்லை என்று எல்லாம் அதில் இருந்தது. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பலன் என்ன? அதே ஏரியன்-5 வகை ராக்கெட்டுதான் 2021-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஜேம்ஸ் வெப் என்ற மாபெரும் தொலைநோக்கியைச் சுமந்து சென்றது.

ஆகாய விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடுகிறார்கள். காரணத்தை வகைப்படுத்தி அறிக்கை வெளியிடுகிறார்கள். அதனால்தான் விமானப் பயணம் இவ்வளவு பத்திரமாயிற்று. பணத்தையும், ரேஷனையும், வைத்தியத்தையும் நடத்தும் கம்ப்யூட்டர்களுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. பாங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் கம்ப்யூட்டர் கோளாறுகளை வகைப்படுத்த வேண்டும். பெரியவற்றை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். இது 2025 ஜனவரி முதல் சட்டம். நல்ல காரியம். ஆனால் அதிகாரிக்கு அறிவித்தால் மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவருக்கும் அது தெரிய வேண்டும். ஒரே மாதிரிப் புகார் இரண்டு இடத்திலிருந்து வந்தால், இரண்டு பேருக்கும் அதைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் படித்திருந்தால்தான் கேள்வி கேட்க முடியும் என்று நினைக்காதீர்கள்.

கோளாறு வந்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். திரையில் என்ன காட்டியது என்று எழுதி வையுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். திரை அசையாவிட்டால் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். புகாரை வாயால் சொல்லி விட்டு வராமல் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்குங்கள். அக்கம் பக்கத்தில் வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று விசாரியுங்கள்.

நமக்கு விதியும் துணை இருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்து விடுவது உண்டு. அன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் பாங்கி அந்தப் பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும். 2019-ம் ஆண்டில் ரிசர்வ் வங்கி செய்த விதி இது.

கடைசியாக ஒன்று. "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்று யாராவது சொன்னால் உடனே நம்பி விடாதீர்கள். இங்கிலாந்தில் அதை நம்பியவர்கள் தனித்தனியாக நின்று தோற்றார்கள். ஆலன் பேட்ஸ் என்ற ஒரு தபால் ஆபீஸ்காரர் நம்பவில்லை. தம்மைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். 555 பேர் ஒன்றாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள்தான் ஜெயித்தார்கள்!